பரண் மேல் தூங்கும் ரேடியோ

வேப்பூர் பரபரப்பான ஊர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. விருத்தாசலத்திலிருந்து சேலம் போகும் பஸ்களும் இந்த வழிதான். இரவும் பகலும் லாரிச் சத்தம்!

சாலையை விட்டுச் சற்று உள்ளே போனால் அமைதியான கிராமங்கள். அங்கே சில வீட்டுப் பரண்களில் பழைய ரேடியோ கிடக்கும். "இனி இது எதற்கு?" என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதில் சிற்றலை இருக்கிறதா, பாருங்கள். இருந்தால், அது பல ஆயிரம் மைல் தாண்டி வரும் குரலைப் பிடிக்கும் பெட்டி!

முள் போன இடம்

ஒரு காலத்தில் டீக்கடையில் பாட்டு என்றால் சிலோன் ரேடியோதான். 1952-இல் மத்திய மந்திரி கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குத் தடை போட்டார். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? முள்ளை நகர்த்திக் கொழும்புக்குப் போய்விட்டார்கள்! மயில்வாகனன், பின்னாளில் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அந்தக் குரல்கள் வீட்டு மனிதர்களின் குரல்களாகிவிட்டன. அந்தப் போட்டியைச் சமாளிக்கத்தான் 1957-இல் விவிதபாரதி பிறந்தது.

1941 முதல் லண்டனும் தமிழ் பேசியது. 1963-இல் சீன வானொலி தமிழில் தொடங்கியது. சீனப் பெண்கள் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு செய்தி வாசித்தார்கள்!

பிறகு கேட்பவர்கள் குறைந்தார்கள். ஒவ்வொரு குரலாக ஓய்ந்தது. பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-இல் நின்றது. 76 வருஷத்துக் குரல் அது!

வானமே கூரை

சிற்றலை எப்படி அவ்வளவு தூரம் வருகிறது? பூமிக்கு மேலே, 80 கிலோமீட்டருக்கும் அப்பால், மின்சாரம் ஏறிய காற்று அடுக்குகள் இருக்கின்றன. சுவரில் அடித்த பந்து திரும்புவதுபோல, சிற்றலை அங்கே மோதித் திரும்புகிறது. இரவில் 31, 41, 49 மீட்டர்களில் தூரத்து நிலையங்கள் நன்றாக வரும்.

இதனால் ஒரு பெரிய உபயோகம் உண்டு. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, மறக்க முடியுமா? மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊர் ஊராக இருட்டு. அப்படிப்பட்ட நேரத்தில் செல்போன் கோபுரமும் ஊமையாகிவிடும். ஆனால் புயல் எட்டாத தூரத்து நிலையத்துக்கு என்ன ஆகும்? அது பேசிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு வேண்டியது சில பேட்டரிக் கட்டைகள்தான். 2022-இல் உக்ரைனில் யுத்தம் மூண்டபோது, பி.பி.சி. அந்த நாட்டுக்காகப் புதிதாகச் சிற்றலையில் தினம் 4 மணி நேரம் செய்தி ஒலிபரப்பியது.

பீங்கானும் வேப்பமரமும்

கேட்பது சுலபம். 10 மீட்டர் கம்பி போதும். இரண்டு மரங்களுக்கு நடுவே உயரமாகக் கட்ட வேண்டும். பெயரிலேயே வேம்பு இருக்கிற ஊரில் மரத்துக்கா பஞ்சம்? கம்பியின் இரு முனையிலும் பீங்கான் குமிழ் ஒன்று வையுங்கள். கம்பி பிடித்த அலை மரத்தில் இறங்காமல் அது தடுக்கும். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்திலேயே இருக்கிறது! கம்பியிலிருந்து ஒரு வயரை இறக்கி ரேடியோவின் ஏரியலில் சுற்றிவிடுங்கள். மின்சாரக் கம்பி பக்கம் மட்டும் போகவே கூடாது. இடி இடித்தால் வயரைக் கழற்றிவிட வேண்டும்.

எல்.இ.டி. விளக்கும் செல்போன் சார்ஜரும் கரகரவென்று இரைச்சல் போடும். பட்டணத்தில் இந்தத் தொல்லை அதிகம், கிராமத்தில் குறைவு. கரண்டு போனால் இன்னும் விசேஷம்!

கேட்டதை எழுதி அனுப்பினால், பல நிலையங்கள் அழகான படம் போட்ட அட்டையைத் தபாலில் அனுப்புகின்றன. தேதி, நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி விவரம், ஒலி எப்படி இருந்தது, எல்லாம் எழுத வேண்டும். நேரத்தில்தான் பலர் தவறுவார்கள். உலகப் பொது நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. வேப்பூரில் இரவு எட்டரைக்குக் கேட்டால், கடிதத்தில் 15.00 என்று எழுதுங்கள்.