மூன்றாவது பேஸ் எங்கிருந்து வரும்?

மும்முனை மின்சாரத்தின் மூன்று கம்பிகளிலும் அலை ஒரே நேரத்தில் எழுவதில்லை. சம இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுகிறது. மோட்டாருக்குள் காந்தப்புலம் சுழல்வது அதனால்தான். இரண்டு கம்பிகள் மட்டும் இருந்தால் புலம் முன்னும் பின்னும் ஆடும், சுற்றாது. நிற்கும் மோட்டார் உறுமும். விட்டுவைத்தால் காயில் கருகும்.

தென்காசி, பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துக் கிணற்று விவசாயிகளுக்கு இது புதிதல்ல. தமிழகக் கிராமங்களில் மும்முனை மின்சாரம் நெடுங்காலம் முறைவைத்தே வந்தது. மற்ற நேரங்களில் இரண்டு கம்பிகளில் மட்டும் மின்சாரம், அதாவது டூ பேஸ். அதிலும் மோட்டாரை ஓட்டக் கண்ட வழிதான் கெப்பாசிட்டர். இரு கம்பிகள் நேராக மோட்டாருக்குப் போக, மூன்றாவது முனைக்குக் கெப்பாசிட்டர் வழியே மின்சாரம் போகிறது. அந்த அலை சற்று நகர்ந்து நிற்பதால் புலம் சுழல்கிறது. டூ பேஸிலும் இரு கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 415 வோல்ட் இருப்பதால் மோட்டார் இணைப்பை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கெப்பாசிட்டரின் அளவு ஒரே ஒரு சுமைக்குத்தான் பொருந்தும். மோட்டாரின் திறனில் மூன்றில் இரண்டு பங்கை நம்பலாம், அதற்கு மேல் கேட்டால் சூடேறும். ஊரே இப்படி ஓட்டினால் டிரான்ஸ்பார்மரில் இரண்டு பேஸ் மட்டும் பாரம் சுமக்கும்.

லேத் பட்டறையில் நிலைமை வேறு. ஒவ்வொரு வெட்டுக்கும் சுமை மாறுவதால் கெப்பாசிட்டர் அங்கே அரைகுறைதான். 230 வோல்ட் ஒற்றை பேஸ் இணைப்பு மட்டும் இருந்தால் டிரைவ்தான் நல்லது. வரும் மின்சாரத்தை டிசியாக்கி, அதிலிருந்து மூன்று பேஸ்களை அது உருவாக்குகிறது. வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். டிரைவ் தருவதும் 230 வோல்ட்தான் என்பதால், ஸ்டாரில் ஓடும் சிறு மோட்டாரை டெர்மினல் பெட்டியில் டெல்டாவுக்கு மாற்றிக் கட்ட வேண்டும். மோட்டாரை நிறுத்துவதும் டிரைவ் வழியாகத்தான். இடையில் சுவிட்ச் வைத்து ஓட்டத்தில் துண்டித்தால் டிரைவ் போய்விடும். 415 வோல்ட்டிலேயே டெல்டாவில் ஓடும் பெரிய மோட்டாருக்கு இந்த 230 வோல்ட் டிரைவ் ஒத்துவராது.

மர அறுவை ஆலை போன்ற பெரிய சுமைக்கு இன்னொரு மோட்டாரையே பேஸ் மாற்றியாக வைக்கலாம். கெப்பாசிட்டர் கொண்டு கிளப்பிச் சும்மா சுழலவிட்டால், அதன் மூன்றாவது முனையில் மின்னழுத்தம் பிறக்கும். இப்படிச் சுழலும் மோட்டார், பெரிய எந்திரத்தின் மோட்டாரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ரயில்வே இதை நெடுநாள் நம்பியது: மேல்கம்பியில் வருவது 25,000 வோல்ட் ஒற்றை பேஸ், டபிள்யூ.ஏ.ஜி.-5 போன்ற பழைய மின் எஞ்சின்களின் ஊதிகளுக்கும் கம்பிரசருக்கும் மும்முனை தந்தது ஆர்னோ கன்வெர்ட்டர் என்ற இவ்வகைச் சுழலும் மாற்றி.

குற்றாலத்தில் சாரலும் காற்றும் கூடும் மாதங்களில் கிளை விழுந்து ஒரு பேஸ் போனால், ஓடும் மோட்டார் நிற்காமல் உள்ளே வேகும். அதைத் தடுப்பது சிங்கிள் பேஸ் பிரிவென்டர். கெப்பாசிட்டரில் ஓட்டும்போது தடையாகிறதென்று அதைக் கழற்றிவிடுவோர், மும்முனை வரும் நேரத்திலும் காவலின்றியே மோட்டாரை ஓட்டுகிறார்கள்.