நாயின் புழுவா, மனிதனின் புழுவா?

கொக்கிப்புழுவின் முட்டையை நுண்ணோக்கியில் பார்த்தால், மெல்லிய ஓட்டுக்குள் நாலைந்து செல்கள் திரண்டிருக்கும் ஒரு நீள்வட்டம் தெரியும். நீளம் சுமார் 60 மைக்ரோமீட்டர், அகலம் 40. அதை இட்ட புழு நெகட்டார் அமெரிக்கானஸா, ஆன்சைலோஸ்டோமா டியோடினேலா, நாய் பூனைகளின் குடலில் வாழும் ஆன்சைலோஸ்டோமா சிலானிகமா என்று எவ்வளவு தேர்ந்த கண்ணாலும் சொல்ல முடியாது. ஆகவே மலப் பரிசோதனை அறிக்கையில் ‘கொக்கிப்புழு முட்டை உள்ளது’ என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மருந்து அல்பெண்டசோல்தான் எனும்போது இனப்பெயர் எதற்கு என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் இந்தப் புழுக்களின் பழக்கங்கள் ஒன்றுபோல் இல்லை. நெகட்டார் ஒரு நாளைக்கு உறிஞ்சும் ரத்தம் சுமார் 0.03 மில்லிலிட்டர். டியோடினேல் அதைப்போல ஐந்து மடங்கு குடிக்கும். ஒரு சிறுமியின் குடலில் ஐம்பது புழுக்கள் இருந்தால், அவை எந்த இனம் என்பதைப் பொறுத்தே அவளுக்கு ரத்தசோகை எவ்வளவு வேகமாக வரும் என்பது அமையும். நெகட்டார் வெறுங்கால் தோலைத் துளைத்துத்தான் உள்ளே வரும். டியோடினேல் வாய் வழியாகவும் வரும். ஆக, ஓரிடத்தில் செருப்பு காப்பாற்றும், இன்னோரிடத்தில் செருப்பு மட்டும் போதாது. சிலானிகத்துக்கோ தெருநாயும் வீட்டுப் பூனையும் இருப்பிடங்கள். மனிதருக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் அது நாயின் குடலில் பத்திரமாக இருந்துவிட்டு மண்ணுக்குத் திரும்பிவிடும்.

சிலானிகம் என்ற பெயர் இலங்கையிலிருந்து வந்தது. அங்கே பிடிபட்ட ஒரு புனுகுப்பூனையின் குடலில் கிடைத்த புழுவை வைத்து 1911-இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் ஆர்தர் லூஸ். கெய்ரோவில் பணிபுரிந்த ஜெர்மானிய ஆய்வாளர். புழுக்குஞ்சுகள் இருந்த நீர் தற்செயலாகத் தன் கையில் சிந்தியபோது ஏற்பட்ட அரிப்பைக் கவனித்து, சில வாரங்கள் கழித்துத் தன் மலத்திலேயே முட்டைகளைக் கண்டு, கொக்கிப்புழு தோல் வழியாக நுழைகிறது என்று உலகுக்குச் சொன்னவரும் அவர்தான். 1913-இல் கிளேட்டன் லேன் என்ற மருத்துவர் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில், சிலானிகம் மனிதக் குடலிலும் வளர்கிறது என்று அறிவித்தார். இந்த இடத்தில் அறிவியல் உருப்படியாக நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. அதே ஆண்டில் ராபர்ட் லெய்ப்பர் என்ற ஆய்வாளர், இதுவும் பிரேசிலில் முந்தைய ஆண்டுகளில் விவரிக்கப்பட்ட ஆன்சைலோஸ்டோமா பிரேசிலியன்ஸும் ஒன்றே என்றார். பலரும் ஏற்றுக்கொண்டார்கள். 1951-இல் இத்தாலியரான பியோக்கா, பற்களின் வடிவத்தையும் ஆண்புழுவின் வால் விசிறியையும் ஒப்பிட்டு இரண்டையும் மறுபடி பிரித்துக்காட்டும் வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சிலானிகம் என்றொரு புழுவே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது.

இந்தத் தவறு சின்னதல்ல. பிரேசிலியன்ஸ் மனிதத் தோலுக்குள் கோடு கோடாக ஊர்ந்து அரிப்பைத் தரும், ஆனால் குடலில் முட்டையிடும் அளவுக்கு வளராது. சிலானிகம் வளரும், முட்டையிடும், ரத்தம் குடிக்கும். இரண்டையும் ஒரே பெயரில் போட்டு வைத்ததால், விலங்குப் புழு ஒன்று மனிதரிடம் குடித்தனம் நடத்துகிறது என்ற செய்தி காகிதத்திலேயே காணாமல் போயிற்று.

முட்டையில் வேறுபாடு தெரியாது என்றால் அந்தக் காலத்தில் இனத்தை எப்படிக் கண்டார்கள்? முழுப் புழுவைப் பிடித்துத்தான். ஓமத்திலிருந்து எடுக்கும் தைமாலைக் கொடுத்து, நாள்கணக்கில் மலம் முழுவதையும் சேகரித்து, சல்லடையில் அலசி, ஒரு சென்டிமீட்டர் நீளப் புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயைப் பார்ப்பார்கள். டியோடினேலுக்கு இரண்டு ஜோடிப் பற்கள், நெகட்டாருக்குப் பற்களுக்குப் பதில் வெட்டுத் தகடுகள், சிலானிகத்துக்கு ஒரு பெரிய ஜோடியும் உள்ளே ஒளிந்த ஒரு சிறு ஜோடியும். சாமுவேல் டார்லிங் போன்ற ஆய்வாளர்கள் ஆசிய நாடுகளில் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தார்கள். நவீன மருந்துகள் வந்து, முட்டை எண்ணுவதே வழக்கமான பிறகு, புழுவின் வாயைப் பார்க்கும் பழக்கம் அநேகமாக நின்றுபோனது.

அந்த வேலையை இப்போது டிஎன்ஏ செய்கிறது, அதுவும் முட்டையிலிருந்தே. செல்லில் ரைபோசோமைக் கட்டும் மரபணுக்கள் பல நகல்களாக அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றின் எழுத்துகள் எளிதில் மாறுவதில்லை. மாறினால் ரைபோசோம் கெடும், உயிர் தங்காது. ஆனால் அந்த மரபணுக்களுக்கு நடுவே ஐடிஎஸ்-1, ஐடிஎஸ்-2 என்று இரண்டு இடைத்துண்டுகள் உண்டு. அவை ரைபோசோமில் சேராமல் வெட்டி எறியப்படுபவை. அதனால் அங்கே நேரும் மாற்றங்கள் தங்கிவிடுகின்றன, இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. மாறாத கரைகளில் பிசிஆர் என்ற டிஎன்ஏ நகலெடுக்கும் முறை பிடிமானம் தேடிக்கொள்ளும், மாறும் நடுப்பகுதியை நகலெடுத்துத் தரும். அதை எழுத்தெழுத்தாக வாசித்தால் புழுவின் பெயர் கிடைத்துவிடும். நகல்கள் நிறைய இருப்பதால் மிகச் சில முட்டைகள் இருந்தாலும் போதும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. மலத்தில் பிசிஆரைத் தடுக்கும் பொருள்கள் ஏராளம். முட்டையின் ஓட்டை உடைக்க நுண்மணிகளோடு சேர்த்துக் குலுக்க வேண்டும். மாதிரியை எடுத்த இடத்திலேயே எத்தனாலில் போட்டுவிட வேண்டும். ஆனால் பழைய முறைக்கும் அவசரம் உண்டு: கேட்டோ-காட்ஸ் என்ற வழக்கமான கண்ணாடித் தகட்டை அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால், கிளிசரினில் கொக்கிப்புழு முட்டைகள் மங்கி மறைந்துவிடும். இருந்த புழுவை இல்லை என்று எழுதிவிடுவோம்.

டிஎன்ஏவின் எழுத்து வரிசையை வாசிக்கத் தொடங்கியபோது ஆசியாவில் வெளிவந்த சித்திரம் பலரைத் திடுக்கிட வைத்தது. கம்போடியாவின் ஒரு கிராமத்தில் 2012-இல் நடந்த ஆய்வில் மக்களில் 57 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் கொக்கிப்புழு இருந்தது. அவர்களில் 52 சதவீதம் பேரிடம் சிலானிகம். அவ்வூர் நாய்களில் 90 சதவீதத்துக்கு மேல் அதே புழு. அபூர்வம் என்று பாடநூல்கள் ஒதுக்கியது, அந்த ஊரில் கொக்கிப்புழு கண்டவர்களில் பாதிப் பேருடைய நோயாக இருந்தது. தமிழ்நாட்டிலும் ஒரு பழங்குடிச் சமூகத்துக் குழந்தைகளிடம் பிசிஆர் வழியே சிலானிகத்தைக் கண்டறிந்த ஆய்வு 2015-இல் வெளியானது.

கம்போடிய ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த தகவல், சிலானிக முட்டைகள் மிக அதிகமாக இருந்தது 21 முதல் 30 வயது வரையுள்ளவர்களிடம் என்பது. இந்தியாவில் 2015 முதல் நடக்கும் தேசியக் குடற்புழு நீக்க நாள் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் தருகிறது. மகத்தான திட்டம் அது, குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மாத்திரை இளம் தாய்மாரையும் தொடாது, வாசலில் படுத்திருக்கும் நாயையும் தொடாது. கம்போடிய ஆய்வாளர்களே, சுகாதாரத்தையும் விலங்குகளையும் சேர்க்காமல் மருந்து மட்டும் கொடுத்ததுகூட சிலானிகம் தலைதூக்கக் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஊகம்தான். ஆனாலும் இங்கே குடற்புழு ஆய்வு நடக்கும் இடமெல்லாம் மாதிரிகளில் ஒரு பங்கையாவது வரிசைப்படுத்த வேண்டும், கால்நடை மருத்துவரும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

டிஎன்ஏ சொல்வதையும் கவனத்தோடுதான் கேட்க வேண்டும். அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதியில் நாய்களை ஆராய்ந்தபோது, மனித உருண்டைப்புழுவின் முட்டைகள் நாய் மலத்தில் கிடைத்தன. திறந்தவெளியில் கிடந்த மனித மலத்தைத் தின்ற நாய்களின் வயிற்றைக் கடந்து வந்தவை அவை. ஓரிடத்தில் ஓர் இனத்தின் டிஎன்ஏ இருப்பதால் மட்டும், அந்த இனம் அங்கே வாழ்ந்து பெருகுகிறது என்று சொல்லிவிட முடியாது. அதேபோல், ஒரே குடலில் பல இனங்கள் கலந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒரேயடியாக வாசிக்கும் புதிய முறைகள் கலவையைப் பிரித்துத் தருகின்றன. ஆனால் வாசிப்புகளின் விகிதம் புழுக்களின் விகிதமாகவே இருக்கும் என்பதில்லை.

இதே வாசிப்பால் மருந்துக்கு அடங்காத புழுவையும் தேடலாம். அல்பெண்டசோல் பிடித்துக்கொள்ளும் பீட்டா-டியூபுலின் புரதத்தில் 167, 198, 200 ஆகிய இடங்களில் நேரும் மாற்றங்கள் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. அமெரிக்காவில் பந்தய நாய்களின் கொக்கிப்புழுக்களிடம் இத்தகைய எதிர்ப்பு ஏற்கெனவே வேரூன்றிவிட்டது.

சிலானிகத்தைப் பற்றிய வேறொரு கேள்வியும் திறந்தே கிடக்கிறது. கம்போடிய மாதிரிகளில், ஐடிஎஸ்ஸைவிட வேகமாக மாறும் மைட்டோகாண்ட்ரியாவின் காக்ஸ்-1 மரபணுவையும் வாசித்தார்கள். சிலானிகம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு கூட்டங்கள் தெரிந்தன. ஒன்றில் மனிதரிடமிருந்து எடுத்தவை மட்டும். மற்றதில் மனிதர், விலங்கு இரண்டிலிருந்தும் எடுத்தவை கலந்திருந்தன. ஓர் ஊரில் இருப்பது முதல் கூட்டம் என்றால், எல்லா வயதினருக்கும் மாத்திரையும் கழிப்பறையும் கிடைத்தாலே பெருமளவு போதும். இரண்டாவது என்றால், அதே நாளில் அதே தெருவில் நாய்களுக்கும் மருந்து போட்டாக வேண்டும்.