தீவுக் கணக்கு – 7: கடைமடை வானம்

எங்கள் தேனிப் பக்கத்தில் காலைப் பேப்பர் வந்ததும் முதலில் தேடுவது உள்பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் வரும் அணை நிலவரத்தை. பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு, இருப்பு இவ்வளவு. வைகை அணையின் உயரம் 111 அடி, தண்ணீர் தேக்குவது 71 அடி. 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 69இல் மூன்றாவது. இதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம்.

ஆனால் ராமநாதபுரத்துக் கடைமடைக்காரரிடம் போய் அணையில் 71 அடி நிற்கிறது என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். அவருக்கு வேண்டியது வேறு கணக்கு. திறந்துவிட்ட தண்ணீர் மதுரையைத் தாண்டி, சிவகங்கைச் சீமையைத் தாண்டி, பெரிய கண்மாய்க்கு வந்து சேருமா? வழியில் காய்ந்த மணல் முதலில் குடிக்கும். பிறகு கால்வாய் குடிக்கும். புறப்பட்ட இடத்தில் கரை புரண்டது, போய்ச் சேரும் இடத்தில் கணுக்காலை நனைத்தால் பெரிய விஷயம்.

1982இல் ஃபாக்லாந்து தீவுகளுக்கு மேலே நடந்த ஆகாயச் சண்டையை எனக்குப் புரியவைத்தது இந்தக் கடைமடைக் கணக்குதான்.

போன மாதம் அணைப் பூங்காவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் நண்பர் ஒருவர், என்னைவிட இளையவர், கேட்டார்: “அண்ணே, அர்ஜென்டினாக்காரனுக்கு அது பக்கத்து வீடு. இங்கிலாந்துக்காரன் பன்னண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கான். பக்கத்து வீட்டுக்காரன் எப்பிடிண்ணே தோத்தான்?”

நல்ல கேள்வி.

தகராறு பழையது. அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1764இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே குடியேறினார்கள். செயின்ட் மாலோ துறைமுகத்திலிருந்து போனவர்கள் வைத்த பெயர்தான் ஸ்பானிய மொழியில் மால்வினாஸ் ஆனது. அடுத்து பிரிட்டிஷார், பிறகு ஸ்பெயின், பிறகு புதிதாக விடுதலை பெற்ற அர்ஜென்டினா. 1833இல் பிரிட்டன் வந்து அர்ஜென்டினப் படையை வெளியேற்றிவிட்டு உட்கார்ந்தது. சுமார் 12,000 சதுர கிலோமீட்டர் நிலம். 1982இல் அங்கே இருந்தவர்கள் 1,800 பேர்தான். ஆடுகள் ஐந்து லட்சத்துக்கு மேல். புவனோஸ் ஐரிஸில் கல்தியேரியின் ராணுவ ஆட்சிக்கு உள்நாட்டில் பெயர் கெட்டுக் கிடந்த நேரம். ஏப்ரல் 2 அன்று படையை இறக்கினார்கள். மூன்றாம் நாளே, 5ஆம் தேதி, போர்ட்ஸ்மத்திலிருந்து பிரிட்டிஷ் கப்பற்படை கிளம்பிவிட்டது. முன்னால் போன இரண்டு விமானந்தாங்கிகளில் ஒன்று இன்வின்சிபிள். இன்னொன்று ஹெர்மிஸ்.

சென்ற வாரம் படித்தவர்களுக்குப் பெயர் நினைவிருக்கும். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்ததும் ஒரு ஹெர்மிஸ்தான். விமானந்தாங்கி என்று பெயர். அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் திருகோணமலையில் கரையில் நின்றன. உதவிக்குக் கேட்ட விமானங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. 307 பேர் செத்தார்கள். அதே பெயரைச் சுமந்த இன்னொரு விமானந்தாங்கிதான் நாற்பது வருடம் கழித்துத் தெற்கு அட்லாண்டிக்குக்குப் போனது. இம்முறை தளத்தில் 12 சீ ஹாரியர்கள். இன்வின்சிபிளில் 8. மொத்தம் இருபதே இருபது போர் விமானங்கள்.

எதிரில் இருந்த அர்ஜென்டினாவிடம் மிராஜ், டேகர், ஸ்கைஹாக் என்று நூற்றுக்கும் மேல். எண்ணிக்கையைப் பார்த்தால் பிரிட்டன் கிளம்பியிருக்கவே கூடாது.

இங்கேதான் கடைமடைக் கணக்கு. அர்ஜென்டினாவின் தென்கோடியில் ரியோ கிராந்தே விமானதளம். அங்கிருந்து தீவின் தலைநகர் ஸ்டான்லிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். சென்னையில் ஏறி, கன்னியாகுமரிக்கு வந்து, அங்கே சண்டை போட்டு, எங்கும் இறங்காமல் திரும்பச் சென்னைக்கே போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டையும் சுமந்துகொண்டு. டேங்கில் இருப்பதில் பெரும்பங்கு போகவும் வரவும் சரியாகிவிடும். மிச்சம் இருக்கும் சில நிமிடங்கள்தான் சண்டைக்கு. வட்டமடித்துத் தேட முடியாது, ஹாரியர் துரத்தினால் நின்று மோத முடியாது. மிராஜுக்கும் டேகருக்கும் நடுவானில் எரிபொருள் நிரப்பும் வசதியே கிடையாது. ஸ்கைஹாக்குக்கு உண்டு. ஆனால் நிரப்பிவிட அவர்களிடம் இருந்தவை இரண்டே இரண்டு ஹெர்குலிஸ் டேங்கர் விமானங்கள்.

மே 1, முதல் நாள் சண்டை. சீ ஹாரியர்களோடு மோதிய இரண்டு மிராஜ்களில் ஒன்று ஏவுகணைக்கு அங்கேயே விழுந்தது; விமானி குதித்துப் பிழைத்தார். இன்னொன்றை ஓட்டியவர் கேப்டன் கார்சியா குவெர்வா. அடிபட்ட விமானம், ஊருக்குத் திரும்ப எரிபொருள் போதாது. ஸ்டான்லியின் குட்டை ஓடுதளத்திலாவது இறக்கிவிடலாம் என்று பார்த்தார். கீழே இருந்த அவருடைய சொந்த நாட்டுப் பீரங்கிக்காரர்கள் எதிரி என்று நினைத்துச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். அந்தப் போரில் நான் படித்த மரணங்களில் மனதை விட்டு அகலாதது இது.

பிரிட்டனும் அதே நாளில் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டுக் காட்டியது. அசென்ஷன் தீவிலிருந்து ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் ஸ்டான்லி ஓடுதளத்தை உடைக்கப் போய்ச் சேர்ந்தது. ஒரு வழிக்கு 6,000 கிலோமீட்டருக்கு மேல். அந்த ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க விக்டர் டேங்கர்கள் பதினொன்று. டேங்கர் விமானத்துக்கு ரொப்ப இன்னொரு டேங்கர், அதற்கு ரொப்ப வேறொன்று, ரொப்பிய கையோடு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போக, கடைசியில் வல்கன் மட்டும் இலக்கின் மேல். 21 குண்டுகள் போட்டது. ஓடுதளத்தில் விழுந்தது ஒன்று. முறை வைத்துத் தண்ணீர் விட்டு, கடைசி வயலுக்கு ஒரு குடம் போய்ச் சேர்ந்த மாதிரி. இதைச் சாதனை என்பவர்களும் உண்டு, வீண் செலவு என்பவர்களும் உண்டு. என் கட்சி இரண்டாவது. அன்று விடிந்ததும் ஹெர்மிஸிலிருந்து எழுந்த ஹாரியர்களே அந்த வேலையைக் குறைந்த செலவில் செய்தன. எத்தனை விமானம் போனது என்று சொல்லக் கூடாது என்று தடை இருந்ததால், கப்பலில் இருந்த பிபிசி நிருபர் பிரையன் ஹன்ரஹன், போனவற்றை எண்ணினேன், திரும்பியவற்றையும் எண்ணினேன் என்ற பொருளில் செய்தி கொடுத்தார். எண்ணிக்கையைச் சொல்லாமலே, ஒன்றும் குறையவில்லை என்பது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் நடந்தது இன்னும் விசித்திரம். அர்ஜென்டினாவிடமும் ஒரு விமானந்தாங்கி இருந்தது: வெய்ன்டிசிங்கோ தெ மாயோ. அதுவும் பிரிட்டனில் கட்டிய பழைய கப்பல்தான். மே 2 விடியலில் அதிலிருந்து ஸ்கைஹாக்குகளைக் குண்டோடு ஏவி பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கத் திட்டம். பாரம் ஏற்றிய விமானம் அந்தச் சின்னத் தளத்திலிருந்து எழும்ப எதிர்க்காற்று வேண்டும். தெற்கு அட்லாண்டிக் என்றாலே காற்றுக்குப் பேர்போனது. ஆனி, ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் வீசுவதெல்லாம் அதற்கு முன்னால் விசிறிக் காற்று. அன்றைக்குப் பார்த்து அங்கே காற்று விழுந்துவிட்டது. விமானங்கள் எழும்பவில்லை. அன்று மாலையே ஜெனரல் பெல்கிரானோ என்ற அவர்களுடைய போர்க்கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கி துறைமுகத்துக்குத் திரும்பியது, அப்புறம் சண்டைக்கு வரவேயில்லை. அதன் விமானங்களும் கரையிலிருந்து பறக்க வேண்டியதாயிற்று, அதே 700 கிலோமீட்டர் கணக்கோடு.

இவ்வளவு இடைஞ்சலிலும் அர்ஜென்டின விமானிகள் காட்டிய துணிச்சலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மே 4 அன்று டேங்கரில் நிரப்பிக்கொண்டு வந்த இரண்டு சூப்பர் எதாந்தார் விமானங்கள் எக்ஸோசெட் ஏவுகணையால் ஷெஃபீல்ட் கப்பலை எரித்தன. அவர்களிடம் விமானத்திலிருந்து ஏவும் எக்ஸோசெட் மொத்தமே ஐந்துதான். மே 21இல் பிரிட்டிஷ் படை சான் கார்லோஸ் கரையில் இறங்கியதும், ஸ்கைஹாக்குகளும் டேகர்களும் அலையைத் தொடுவதுபோலத் தாழப் பறந்து வந்து மோதின. ஆர்டென்ட், ஆன்டிலோப், கவன்ட்ரி ஆகிய கப்பல்கள் போயின. அத்தனை தாழ்வில் விடப்பட்ட குண்டுகள் பல, திரி உயிர் பெறுவதற்குள் கப்பலைத் துளைத்துவிட்டு வெடிக்காமல் கிடந்தன. வெடித்திருந்தால் பிரிட்டன் வீடு திரும்பியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அதில் பாதி சம்மதம். திரும்பும்போது டேங்க் ஓட்டையாகி ஒழுகிய ஸ்கைஹாக்குகளை ஹெர்குலிஸ் டேங்கர்கள் ஆபத்தான தூரம் வரை முன்னால் வந்து, குழாயை மாட்டி, ஊற்றிக்கொண்டே ஊர்வரை அழைத்துப் போயிருக்கின்றன. ஒருபக்கம் ஊற்ற ஒருபக்கம் ஒழுக.

ஹெர்மிஸ் தரப்பிலும் கணக்கு இறுக்கம்தான். எக்ஸோசெட்டுக்குப் பயந்து தளபதி உட்வர்ட் விமானந்தாங்கிகளைத் தீவுக்குக் கிழக்கே எட்டத்திலேயே நிறுத்தினார். அதனால் ஹாரியர்கள் தீவின்மேல் காவல் நிற்கும் நேரம் குறைந்தது. அந்த இடைவெளியில்தான் பல கப்பல்கள் அடிவாங்கின. ஆனாலும் அவர்களுடைய ஓடுதளம் மிதந்தது. வேண்டும்போது கிட்டே வரும், வேண்டாதபோது விலகும். ஆகாயச் சண்டையில் ஹாரியர்கள் சுமார் இருபது விமானங்களை வீழ்த்தின. சீ ஹாரியர்களில் ஆறு போனாலும், எதிரி விமானத்திடம் சுடுபட்டது ஒன்றுகூட இல்லை. ஜூன் 14இல் ஸ்டான்லி சரணடைந்தது. 74 நாள். அர்ஜென்டினாவுக்கு 649 உயிர், பிரிட்டனுக்கு 255, தீவுவாசிகள் மூன்று பேர்.

நண்பரிடம் கடைசியாக ஸ்டான்லி ஓடுதளத்தைப் பற்றிச் சொன்னேன். நீளம் சுமார் 1,250 மீட்டர்தான். வேக ஜெட்டுகளை அங்கேயே நிறுத்திவைத்துப் பறக்க அது போதாது. பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து சேர நாலு வாரம் ஆயிற்று. தீவைப் பிடித்தவர்கள் அந்த நாலு வாரத்தில் அதை நீட்டிப் போர் ஜெட்டுகளைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை.

அவர் அணையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கால்வாயத் தூர் வாராமத் தண்ணியத் தொறந்துருக்கான்ணே.”

போர் முடிந்ததும் பிரிட்டன் முதல் வேலையாக மவுண்ட் பிளசன்ட் என்ற இடத்தில் நீளமான ஓடுதளத்தைக் கட்ட ஆரம்பித்தது. 1985இல் அது திறக்கப்பட்டது. தகராறு தீரவில்லை. 2013இல் தீவுவாசிகளிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது பிரிட்டன் வேண்டாம் என்றவர்கள் மூன்றே பேர். அர்ஜென்டினா அந்த வாக்கெடுப்பையே ஏற்கவில்லை.

ஹெர்மிஸின் மிச்சக் கதை நம்முடையது. 1986இல் இந்தியா அதை வாங்கியது. 1987 மே 12 அன்று அது ஐஎன்எஸ் விராட் ஆயிற்று. சீ ஹாரியர்களும் கோவாவைத் தளமாகக் கொண்டு அதிலிருந்து பறந்தன. 1989இல் இலங்கையில் இந்திய அமைதிப்படை விவகாரம் முற்றியபோது ‘ஆபரேஷன் ஜூபிடர்’ என்ற பெயரில் விராட் போய் நின்றது இலங்கைக் கடலில், பழைய ஹெர்மிஸ் அடியில் கிடக்கும் அதே தீவைச் சுற்றிய நீரில். அன்று அது ஒரு குண்டும் போடவில்லை.

இன்னொன்று. இந்தக் கப்பலை 1944இல் கட்டத் தொடங்கியபோது வைத்த பெயர் ஹெர்மிஸ் அல்ல, ‘எலிஃபன்ட்’, யானை. பிற்பாடுதான் பெயர் மாறியது. கட்டி முடித்துக் கடற்படையில் சேர்ந்தது 1959 நவம்பரில். எங்கள் வைகை அணையைக் காமராஜர் திறந்துவைத்ததும் அதே 1959இல்தான், ஜனவரியில். ஏறக்குறைய ஒரு வயதுக்காரர்கள். அணை வண்டல் சேர்ந்து மேடு தட்டினாலும் இன்னும் வேலை பார்க்கிறது. விராட்டை 2017 மார்ச் 6 அன்று ஓய்வுக்கு அனுப்பினார்கள். அருங்காட்சியகம் ஆக்கலாம் என்ற பேச்சுகள் கைகூடவில்லை. யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். 2020இல் ஏலத்தில் பழைய இரும்புக்கு இந்த யானை போன விலை 38.54 கோடி ரூபாய். அந்த செப்டம்பரில் மும்பையிலிருந்து கட்டி இழுத்துக்கொண்டு குஜராத்தின் அலங் கரைக்குப் போனார்கள்.

அடுத்த வாரம், வைகை போய்ச் சேர முயலும் கடலுக்கே போவோம். 285 ஏக்கர், குடிக்கத் தண்ணீர் கிடையாது, ஒரு அந்தோணியார் கோயில்: கச்சத்தீவு.

(தொடரும்)