அய்யாற்று வெள்ளமும் பாலத்தின் அடிநிலமும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலையில், உள்ளூரில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் அய்யாறு பெருகக்கூடும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே மலைமுகட்டில் பெய்யும் மழை ஓடைகளாகத் திரண்டு, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாயகங்கை அருவியாக விழுந்து, மிகக் குறுகிய தொலைவிலேயே அடிவாரத்தை எட்டிவிடுவதே இதற்குக் காரணம். இவ்வாறு திடீரென்று பெருகித் திடீரென்று வடியும் ஆற்றைக் காட்டாறு என்பர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே நீராடத் தடை விதிக்கப்படுவது வெற்றுக் கெடுபிடி அன்று.

காட்டாறுகளின் குறுக்கே கிராமங்களில் பெரும்பாலும் காணப்படுவது தரைப்பாலம், அதாவது ஆற்றுப்படுகையை ஒட்டியே தாழ்வாகக் கட்டப்பட்டு, அடியில் குழாய்கள் வழியே நீரை வெளியேற்றும் பாலம். வெள்ளம் அடித்துவரும் மரக்கிளைகளும் முட்புதர்களும் குழாய்வாயை அடைத்துவிட்டால் நீர் சாலையின் மேலேறிப் பாய்கிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காவதால், முழங்காலளவு நீரே ஆளை வீழ்த்தப் போதுமானது.

தூண்களின் மேல் நிற்கும் உயர்ந்த பாலத்துக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. தூணில் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பி, அதன் அடியைச் சுற்றிச் சுழன்று, மணலைத் தோண்டிக் குழி பறிக்கிறது. இதனை அடியரிப்பு எனலாம். வெள்ளம் தணியும்போது புதுமணல் வந்து அக்குழியை மூடிவிடுவதால், கோடையில் பார்வையிடுவோர் கண்ணுக்குப் படுகை சமமாகவே தெரியும். ஆனால் அந்தத் தளர்ந்த மணலுக்குப் பழைய இறுக்கம் இராது. பழம்பாலங்கள் பலவற்றின் உண்மையான நோய் இதுவே.

1928இல் திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே அமைந்த இரும்புப் பாலம், 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணையின் உபரிநீர் பெருக்கெடுத்தபோது தூண்கள் சரிந்து, ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. போக்குவரத்து முன்னரே புதிய பாலத்துக்கு மாற்றப்பட்டிருந்தது பெரும் பேறு. படுகை தாழத் தாழத் தூணின் பிடிமானம் குறையும் என்பதால், மணல் அள்ளுதலும் இக்கேட்டை விரைவுபடுத்துகிறது.

ஆகவே வெள்ளம் வடிந்தவுடன் பாலத்தின் மேற்பூச்சைப் பார்ப்பதோடு நில்லாமல், தூண்களின் அடியில் படுகையின் ஆழத்தையும் இறுக்கத்தையும் அளந்து பதிவு செய்வதைப் பொறுப்புடையோர் வழக்கமாக்க வேண்டும். நீர் மேலேறிய தரைப்பாலத்தில், எவ்வளவு அவசரமாயினும், எவரும் கால்வைக்கலாகாது.