அப்டேட் பட்டனை அழுத்தும் முன்… அப்பா கம்ப்யூட்டரில் இதையெல்லாம் பார்த்தீர்களா?

“முப்பது பர்சென்ட்லயே நிக்குது. என்ன பண்றது?” அபிராமபுரத்திலோ மந்தைவெளியிலோ பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளிலிருந்து பெங்களூருவுக்கும் நியூஜெர்சிக்கும் இப்படி போன் வருவது புதிதல்ல. “ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்கப்பா” என்ற வழக்கமான பதில் வேறு எதற்கும் சரிவரலாம். பாதி அப்டேட்டில் மட்டும் வேண்டாம். சதவீதம் நகராவிட்டாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகலாம். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் விட்டுவிடுவதுதான் நல்லது.

யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. ‘நாளைய மின்தடை பகுதிகள்’ பட்டியலில் உங்கள் ஏரியா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அப்டேட் போட வேண்டும். காலை 9 மணிக்கு கரன்ட் போகப்போகும் நாளில் 8.30-க்கு ‘ரீஸ்டார்ட் நவ்’ அழுத்துவது தேவையில்லாத வம்பு.

இந்தப் பேச்சு இப்போது அதிகமாக அடிபடக் காரணம் விண்டோஸ் 10. அதற்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போக டிபிஎம் 2.0 சிப் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இதில் தேறாத கம்ப்யூட்டர்கள் வீடுகளில் ஏராளம். அவற்றுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும் நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு சிங்க் செய்தால் பணம் கட்ட வேண்டாம். இல்லாவிட்டால் 30 டாலர் அல்லது 1,000 ரிவார்ட்ஸ் பாயின்ட்.

நீட்டிப்போ, விண்டோஸ் 11-ஓ, எதுவானாலும் முதல் வேலை அப்டேட் இல்லை. ஃபைல்களை வெளியே எடுத்து வைப்பதுதான்.

ஏன் என்பதற்கு 2018 அக்டோபரில் நடந்ததே சாட்சி. விண்டோஸ் 10-ன் 1809 என்ற அப்டேட் வெளியான சில நாட்களிலேயே, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே காலியாகிவிட்டது என்று சிலரிடமிருந்து புகார் வந்தது. டாக்குமென்ட்ஸை ‘சி’ டிரைவிலிருந்து ‘டி’-க்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் கொஞ்சம் ஃபைல்களை விட்டு வைத்திருந்தவர்கள் அவர்கள். பழைய ஃபோல்டரை வேண்டாத நகல் என்று நினைத்து அப்டேட்டே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, திருத்தி, நவம்பரில்தான் மீண்டும் விட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் அவர்கள் தப்பாக எதையும் அழுத்தவில்லை.

அடுத்தது, பலருக்கும் தெரியாமலே போட்டிருக்கும் பூட்டு. புது லேப்டாப்களில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் அல்லது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ தானாகவே ஆனாகியிருக்கலாம். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நீல ஸ்கிரீன் வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். 2024 ஜூலை 19-ம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு சாஃப்ட்வேர் அப்டேட் ஒன்று உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது நினைவிருக்கும். சென்னை ஏர்போர்ட்டில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்த நாள் அது. அன்று தவறான ஃபைலை நீக்க சேஃப் மோடுக்குப் போனவர்களில் பலர் மாட்டிக்கொண்டது இந்த கீ இல்லாமல்தான்.

வீட்டு லேப்டாப்பில் கீ பொதுவாக மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கும். யாருடைய அக்கவுண்ட்? அங்கேதான் சிக்கல். வாங்கின அன்று கடைக்காரப் பையன் அவசரத்துக்குப் போட்ட மெயில் ஐடியாக இருந்தால், கீயும் அங்கேதான் போயிருக்கும். கீ தொலைந்துவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறக்க முடியாது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அந்த 48 எண்களைக் கண்டுபிடித்து, பேப்பரில் எழுதி, பாஸ்புக் இருக்கும் பீரோவில் வைத்துவிடுங்கள். லேப்டாப் பையில் வைத்தால் பிரயோஜனமில்லை.

இனி எரர் கோட். பூஜ்ஜியமும் எக்ஸும் கொண்டு ஆரம்பிக்கும் அந்த நீள எண்ணில், 80070070 என்று முடிந்தால் டிஸ்க்கில் இடமில்லை என்று அர்த்தம். பெரிய அப்டேட்டுக்கு 20 ஜிபி காலியாக இருந்தால் நிம்மதி. ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பக்கத்தில் சுத்தம் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டியலிலேயே ‘டவுன்லோட்ஸ்’ என்று ஒரு பெட்டியும் இருக்கும். அதை டிக் செய்துவிட்டால் பேங்க் ஸ்டேட்மென்ட், படிவம் 16 எல்லாம் சேர்ந்து போய்விடும்.

80070643 வேறு கதை. 2024 ஜனவரியில் பிட்லாக்கரைத் தாண்டும் ஓட்டையை அடைக்க வந்த விண்டோஸ் 10 அப்டேட், பல கம்ப்யூட்டர்களில் இந்த எண்ணைக் காட்டியது. ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லாததே காரணம். பார்ட்டிஷனைப் பெரிதாக்கும் கமாண்டுகளை யூடியூப் பார்த்து டைப் செய்கிறார்கள். ஒரு எண் தவறினால் டிஸ்க்கே காலி. நகல் எடுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

பேக்கப் எடுக்கப் போனாலும் எரர் வருகிறதா? ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபிதான். நீட்டிப்புக்காக சிங்க் ஆன் செய்யும்போது டாக்குமென்ட்ஸ், போட்டோ ஃபோல்டர்களையும் சேர்த்துவிட்டால், ஒரு கல்யாண ஆல்பத்திலேயே நிரம்பி ‘ஃபுல்’ என்று நின்றுவிடும். நீட்டிப்புக்கு செட்டிங்ஸ் மட்டும் போதும். தவிர, சிங்க் என்பது பேக்கப் இல்லை. கம்ப்யூட்டரில் அழித்தால் அங்கேயும் அழியும். அதன் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் தேடலாம், அவ்வளவுதான்.

பென் டிரைவில் ‘ஃபைல் டூ லார்ஜ்’ என்று வந்தால், அதில் இடம் இருந்தாலும் அது ஃபேட்32 முறையில் இருக்கிறது என்று பொருள். 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தால் ஏற்கும். உள்ளே ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதால் முதலில் அதைக் காலி செய்துகொள்ளுங்கள்.

எக்ஸ்டர்னல் டிரைவில் காப்பி முடிந்ததும் அப்படியே மூட வேண்டாம். அதைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். ஒரு போட்டோ, ஒரு எக்செல், பழைய பிடிஎஃப் ஒன்று. ஆடிட்டர் வீடாக இருந்தால் டேலி டேட்டாவை நிச்சயம் திறக்க வேண்டும். அது டாக்குமென்ட்ஸுக்கு வெளியே தனி ஃபோல்டரில் இருப்பது சகஜம். பேக்கப்பில் விட்டுப்போனது ஜூலை 31 நெருங்கும்போதுதான் தெரியவரும்.

அந்த டிரைவையும் கம்ப்யூட்டர் மேஜையிலேயே வைக்காதீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது கரையோரத் தரைத்தள வீடுகளில் கம்ப்யூட்டரும் டிரைவும் ஒன்றாகத்தான் நனைந்தன. முடிந்தால் இரண்டாவது டிரைவ் ஒன்றை மாமா வீட்டில் கொடுத்து வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றி எடுத்து வரலாம்.