பழைய மகிழுந்துகளின் உட்புறப் பலகை மீட்டமைப்பு

பழைய மகிழுந்துகளின் உட்புறப் பலகை மீட்டமைப்பு என்பது, டாஷ்போர்டு, கியர் தண்டைச் சூழ்ந்த கான்சோல், கதவுப்பட்டை ஆகியவற்றின் தேய்ந்த மேற்பரப்பை, மூலப்பொருளை இயன்றவரை நீக்காமல் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவரும் பணியாகும்.

தேவை

சென்னையின் தென்புறத்தில், தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வழியாகச் செங்கல்பட்டுக்குச் செல்லும் பெருந்தெற்குச் சாலை (ஜி.எஸ்.டி. சாலை) நெடுங்காலமாக மகிழுந்துத் தொழிலுடன் தொடர்புடையது. இச்சாலையில் வண்டலூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்சு நிறுவனம், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தையும், 1985 முதல் ரோவர் எஸ்.டி.1 மாதிரியை அடிப்படையாகக் கொண்ட ஸ்டாண்டர்டு 2000 மகிழுந்தையும் தயாரித்தது. 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றது. இத்தகைய வண்டிகளுக்குப் புதிய உட்புற உறுப்புகள் கிடைப்பது அரிது. எனவே தவறான முறையால் கெட்டுப்போகும் ஒரு பலகைக்கு மாற்று இல்லாமற் போகலாம்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் பேணப்பட்ட வண்டிகளை 'விண்டேஜ்' வண்டிகளாகப் பதிவு செய்யலாம்.

சிதைவின் காரணங்கள்

வெயிலில் மூடி நிறுத்தப்பட்ட வண்டியில் டாஷ்போர்டின் வெப்பநிலை 70 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். வைனில் உறைக்கு நெகிழ்ச்சி தரும் சேர்பொருள் வெப்பத்தால் மெல்ல வெளியேறுவதால் உறை இறுகி வெடிக்கின்றது. புற ஊதாக் கதிர்கள் நெகிழியை வெளிறச் செய்கின்றன. மரத்தின் மீதுள்ள மெருகுப்பூச்சையும் உடைக்கின்றன. அவ்வெடிப்புகளில் ஈரம் புகும்போது வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தகடு அடிப்பலகையை விட்டு எழும்புகின்றது.

செய்முறை

முதலில் மின்கலத்தின் இணைப்பு துண்டிக்கப்படுகின்றது. பலகையும் கம்பி இணைப்புகளும் ஒளிப்படம் எடுக்கப்பட்டபின் உறுப்புகள் கழற்றப்படுகின்றன. அடுத்து, மென்மையான சோப்பு நீரால் அழுக்கு நீக்கப்படுகின்றது. சிலிக்கோன் கலந்த பளபளப்புத் திரவங்களின் எச்சம் இருந்தால் புதிய வண்ணம் ஒட்டாது. எனவே அதனை முழுமையாக நீக்க வேண்டும். எத்திரவத்தையும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

* ஏ.பி.எசு. நெகிழி: அசிட்டோன் இதனைக் கரைத்துவிடும். கீறல்கள் நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு, நெகிழிக்கான அடிப்பூச்சின் மேல் வண்ணம் தெளிக்கப்படுகின்றது.
* வைனில்: வெடிப்புகள் வளையும் தன்மையுள்ள நிரப்பியால் அடைக்கப்படுகின்றன. இறுகும் சாதாரணப் பட்டி, உறை வளையும்போது மீண்டும் வெடிக்கும். இறுதியில் வைனிலுக்குரிய வண்ணம் மெல்லிய பல படலங்களாகப் பூசப்படுகின்றது.
* மரவெனீர்: எழும்பிய இடத்தில் ஊசிக்குழல் மூலம் மரப்பசை செலுத்தப்பட்டு, மெழுகுத்தாள் வைத்து இறுக்கிப் பிடிக்கப்படுகின்றது. வெனீர் மிக மெல்லியதாதலால், அதிகம் தேய்த்தால் அடிப்பலகை வெளிப்பட்டுவிடும். பழைய மெருகை நீக்கியபின் புதிய மெருகு பல படலங்களாக ஏற்றப்படுகின்றது.

தட்பவெப்பம்

நைட்ரோசெல்லுலோசு மெருகை ஈரப்பதம் மிகுந்த நாளில் தெளித்தால், கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி அதில் படிகின்றது. இதனால் வெண்மூட்டம் தோன்றும். ஆகவே சென்னைச் சுற்றுப்புறங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை நாட்களைத் தவிர்ப்பது நல்லது. இப்பூச்சுகளின் ஆவி தீங்கானது, எளிதில் தீப்பற்றக்கூடியது. காற்றோட்டமும் ஏற்ற முகமூடியும் இன்றியமையாதவை.

மீட்டமைப்பின் அளவு

தேய்வின் அடையாளங்கள் அனைத்தையும் அழிப்பது இப்பணியின் நோக்கமன்று. சிதைவைத் தடுத்து, எஞ்சியுள்ள மூலப்பொருளைக் காப்பதே முதன்மையானது. புதுப்பொலிவுக்காக ஒருமுறை அகற்றப்பட்ட மூல வெனீரையோ உறையையோ மீண்டும் பெற இயலாது.