அம்பத்தூர் நீதிமன்றத்துக்கு நீதிபதி வரும் வழி

அம்பத்தூர் நீதிமன்றத்தில் அமரும் நீதிபதியை அந்த வட்டாரத்து மக்கள் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலரையும் எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் ஓட்டுப் போட்டு அனுப்பும் அதே வாக்காளருக்கு, தன் மனைத் தகராறையோ செக் வழக்கையோ விசாரிக்கப்போவது யார் என்பதில் எந்தப் பங்கும் கிடையாது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் 1832-லேயே நீதிபதிகள் அனைவரையும் தேர்தலுக்கு விட்டது. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் விசாரணை நீதிபதியின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. பதவியில் நீடிக்க மறுபடியும் மக்களிடம் சென்று 60 சதவீத வாக்கு பெற வேண்டும்.

இந்திய அரசமைப்புச் சட்டம் வேறு வழியில் போனது. மாவட்ட நீதிபதிகளை உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்கிறார் என்கிறது 233-ஆம் பிரிவு. அதற்குக் கீழுள்ள பதவிகளுக்குத் தேர்வாணையத்தையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 234. நியமனம் முடிந்தபின் மாறுதல், விடுப்பு, பதவி உயர்வு எல்லாவற்றையும் உயர் நீதிமன்றத்தின் கையில் கொடுக்கிறது 235. மூன்றிலும் முக்கியமானது இந்தக் கடைசிப் பிரிவுதான். ஆளுங்கட்சியோ மாவட்ட ஆட்சியரோ ஒரு முன்சீப்பை, அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதியை, ஊர் மாற்ற முடியாது என்பது அதனால்தான்.

தேர்வெழுதி நீதிபதி ஆவது சுதந்திரத்துக்கு முன்பே இங்கு வேரூன்றிய வழக்கம். சென்னை மாகாணத்தில் மாவட்ட முன்சீப் பதவியை நிலைப்படுத்தியவை 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, பிறகு முன்சீப் தேர்வில் வென்று தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் நீதி வழங்கியவர் வேதநாயகம் பிள்ளை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவராகவே இன்று நினைக்கப்படுகிறார். ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளைத் தொகுத்து, 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று தமிழில் தந்ததும் அவரே. வழக்காடுபவனுக்குத் தன் வழக்கு புரிய வேண்டும் என்று அன்றே உழைத்த நீதிபதி அவர்.

இன்றைய தேர்வை நடத்துவது டி.என்.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் தேறியவர்கள் முதன்மைத் தேர்வில் நான்கு தாள் எழுதுகிறார்கள். அவற்றில் மூன்று சட்டம், ஒன்று மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்புத் தாளை எளிதாக எண்ணிவிடக் கூடாது. கூண்டில் ஏறும் சாட்சி பேசுவது தமிழ். மேற்கோளாகும் முன்தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் பிசகினால் ஒருவர் சிறைக்குப் போகலாம். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நேர்முகம். 2023-இல் அறிவிக்கப்பட்ட உரிமையியல் நீதிபதி இடங்கள் 245. அந்தத் தேர்வில் வென்ற ஜவ்வாது மலைப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதிக்கு அப்போது வயது 23. குழந்தை பிறந்த சில நாளில் தேர்வெழுதியவர். சாதியும் பணமும் தேர்தலில் செலுத்தும் ஆதிக்கத்தைப் பார்க்கும்போது, வாக்குச்சீட்டு வழியாக அவர் அந்த நாற்காலிக்கு வந்திருப்பது கடினம்.

அவரைப்போல் படிப்பு முடிந்த கையோடு நுழைவது இனி இயலாது. நுழைவுத் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சிக்காரரின் கவலையைக் காதால் கேட்ட பிறகே தீர்ப்பெழுத வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் ஜூனியர் வழக்கறிஞருக்குக் கிடைக்கும் சொற்ப வருமானத்தில் மூன்றாண்டைக் கடப்பது ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெரும்பாடு.

நுழைபவர் உரிமையியல் நீதிபதி. தொடக்க அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய். அடுத்த படி சார்பு நீதிபதி, அதற்கும் மேல் மாவட்ட நீதிபதி. மாவட்ட நீதிபதி இடங்களில் கால் பங்குக்கு, ஏழாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் நேரடியாக வருகிறார்கள். கீழ் நீதிமன்றப் பணிக்காலத்தையும் அந்த ஏழாண்டுக் கணக்கில் சேர்க்கலாம் என்று 2025 அக்டோபரில் அரசியல் சாசன அமர்வு கூறியது.

முதல் படியில் இருப்பவர் குற்றவியல் நடுவராகவும் அமர்வதுண்டு; அந்த அதிகாரம் சிறியதல்ல. கைதானவரைப் போலீஸ் 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டியது நடுவரின் முன்புதான். ரிமாண்டா ஜாமீனா என்பதை முதலில் பார்ப்பவர் அவர். முதல் வகுப்பு நடுவர் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இன்னும் பெரிய சுமையும் அம்பத்தூர் இருக்கும் இதே சென்னை மேற்குப் புறநகருக்கு வந்ததுண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்தது, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் பூந்தமல்லியில் இயங்கிய நீதிமன்றம். நீதிபதி வி.நவநீதம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு விதித்தார். அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது; மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது; 19 பேரை விடுவித்தது. விசாரணை நீதிபதி தவறினால் அதைத் திருத்த வேண்டியது மேல்முறையீடு. ஓட்டுப் பெட்டிக்கு அங்கு வேலை இல்லை என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று தேவையில்லை.

நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாவிட்டாலும், அவர் வேலை செய்வதை நேரில் பார்க்கும் உரிமை ஊராருக்கு உண்டு. சில வழக்குகள் தவிர மற்ற விசாரணையெல்லாம் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. அம்பத்தூரில் இருப்பவர்கள், குறிப்பாகச் சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைகள், ஒருநாள் காலை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.